கேள்வி–பதில்: வாயில் பலூனோடு வந்த களவா

கடல்மீன் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலைத் தொடர்ந்து, மலையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆழ்கடல் தூண்டிலைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே பிற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

உதகை வாசகி ஒருவர்: சந்தையில் மூன்று கிலோ எடையுள்ள களவா ஒன்றை வாங்கினேன். அதன் வாயிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் பலூன் போன்ற ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, கண்களும் பிதுங்கியிருந்தன. “ஆழத்து மீனம்மா, அப்படித்தான் இருக்கும்” என்றார் கடைக்காரர். என் மாமியாரோ, “இது அழுகி உப்பிய மீன்” என்று சொல்லிச் சமைக்கவே விடவில்லை. யார் சொன்னது சரி?

கடைக்காரர் சொன்னதுதான் சரி, அம்மா. தாங்கள் பார்த்தது பலூனும் அல்ல, அழுகலின் அடையாளமும் அல்ல. உட்புறம் வெளியே வரும்படி புரண்டுவிட்ட அந்த மீனின் இரைப்பை அது.

சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம், பேருந்து குன்னூரை நெருங்கும்போது தலையணைபோல் உப்பிக்கொள்வதை நம் மலையில் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். மேலே ஏற ஏறச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் குறைவதால் பொட்டலத்துக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. மேட்டுப்பாளையத்தில் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் புறப்படும் மலை ரயில், 46 கிலோமீட்டர் ஊர்ந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்வதற்குள் குறைகிற அழுத்தம், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். கடலுக்குள் இதே அளவு மாற்றத்துக்கு இரண்டு மீட்டர் ஆழம் போதும். நீர் அவ்வளவு கனமானது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடிக்கொண்டே போவதால், 100 மீட்டர் ஆழத்துப் பாறையில் கிடக்கும் களவா, நீரின் மேற்பரப்பில் உள்ளதைப்போல் 11 மடங்கு அழுத்தத்தில் வாழ்கிறது.

களவா, விளைமீன், செப்பிலி போன்றவற்றின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. மூழ்காமலும் மிதந்து போகாமலும் ஒரே ஆழத்தில் நிற்பதற்கு அது உதவுகிறது. தூண்டிலில் சிக்கிய மீனைச் சில நிமிடங்களுக்குள் மேலே இழுத்துவிடும்போது, அந்தப் பைக்குள் இருக்கும் காற்று தன் பழைய அளவைப்போல் பல மடங்கு விரியப் பார்க்கிறது. பை கிழியலாம். கிழிந்தாலும் கிழியாவிட்டாலும், விரிந்த காற்று அருகில் உள்ள இரைப்பையை வாய் வழியாகவும், கண்களை அவற்றின் குழியிலிருந்தும் வெளியே தள்ளும். சுறாவுக்கும் வஞ்சிரத்துக்கும் காற்றுப்பை இல்லாததால் அவற்றில் இந்தக் கோலத்தைக் காண முடியாது.

ஆயினும் தங்கள் மாமியாரின் ஐயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். துருத்திய இரைப்பை, அந்த மீன் ஆழத்திலிருந்து விரைவாக மேலேற்றப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. அதன்பின் அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்பதைச் சொல்லாது. அதற்குப் பழைய சோதனைகள்தான் வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருக்கக் கூடாது. விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும். நாற்றம் கடல்நீரின் நாற்றமாக இருக்க வேண்டும். பழைய மீனின் கண் உள்வாங்கி வெளுக்கும் என்பது பொது விதி என்றாலும், ஆழத்து மீனில் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது.

கோத்தகிரியிலிருந்து, ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டக் கணக்கர்: இளமையில் அனுமதிச் சீட்டு பெற்று அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். பிடித்த மீனைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு நீரிலேயே விட்டுவிடுவது என் வழக்கம். குமரி மாவட்டத்தில் உள்ள என் சம்பந்தி வீட்டார், ஐந்து நாள் ஆழ்கடலில் தங்கி அடித்தளத் தூண்டில் போட என்னை அழைக்கிறார்கள். எனக்கு வயது 61. போகலாமா? என்ன எதிர்பார்க்க வேண்டும்?

உடல்நலத்தை மருத்துவர் சரியென்று சொன்னால் தாராளமாகப் போய் வாருங்கள், ஐயா. ஆனால் பிடித்ததை விட்டுவிடும் தங்கள் நல்ல பழக்கம் அங்கே நல்ல பழக்கமாக நிற்காது என்பதை ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளையர்கள் கொண்டுவந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஓடைகளில் நிலைபெறச் செய்த ட்ரவுட்டுக்கும், ஏரிக் கெண்டைக்கும், காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு சிறு குழல் திறப்பு உண்டு. மிகுந்த காற்றை அவை ஏப்பம் விடுவதுபோல் வெளியே விட்டுவிடும். தவிர, நம் ஓடைகளில் ஆழம் என்று சொல்ல என்ன இருக்கிறது? களவாவுக்கும் செப்பிலிக்கும் அந்தத் திறப்பு கிடையாது. அவற்றின் காற்றுப்பைக்குள் வாயு, இரத்தத்தின் வழியாக மெல்ல ஊறி, மெல்லவே கரைந்து வெளியேறும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் 80 மீட்டர் ஏற்றப்பட்ட மீனுக்கு அந்த அவகாசம் எங்கே?

நானே இதை அறியாமல் செய்திருக்கிறேன். குமரிக் கடற்கரையில் பிறந்திருந்தும், படிப்பு, வேலை என்று மலைக்கு வந்துவிட்ட பிறகு, முப்பதைத் தாண்டிய வயதில்தான் முதன்முதலாக ஐந்து நாள் தங்கலுக்குப் போனேன். முதல் நாள் முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு களவாக் குட்டி ஏறியது. பாவம் என்று முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டேன். அது கீழே போகவில்லை. வயிறு வானத்தைப் பார்க்க, வாலை அடித்துக்கொண்டே படகின் பின்னால் மிதந்தது. ஓர் ஆலா வந்து முதலில் கண்ணைக் கொத்தியது. எங்கள் படகு ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு, “தின்னாலாவது அதுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

எனவே அங்கே ‘விடலாமா, வைத்துக்கொள்ளலாமா’ என்ற முடிவை மீன் கைக்கு வந்த பிறகு எடுப்பதில் பயனில்லை. தூண்டிலை இறக்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இத்தனை மீன், அவ்வளவுதான், அதன்பின் தூண்டிலைச் சுருட்டிவிடுவது என்று முதல் நாளே படகில் இருப்போரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் சின்ன மீன்களே தொடர்ந்து ஏறினால், அந்தப் பாரை விட்டுப் படகை நகர்த்தச் சொல்லுங்கள். (பார் என்பது கடலடிப் பாறைத் திட்டு.) சிறியதை விட்டே தீர வேண்டும் என்றால், அதை ஆழத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் கூடை ஒன்றை அதன் வாய் கீழ்ப்பக்கம் இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து, விளிம்பில் ஈயம் கட்டி, மீனை அதனுள் விட்டுக் கயிற்றில் விரைவாக இறக்கினால், ஆழம் கூடக் கூட விரிந்த காற்று மீண்டும் சுருங்கி, மீன் தானே நீந்திக் கூடைக்குக் கீழாக வெளியேறிவிடும். மேலே வைத்திருக்கும் நேரம் குறையக் குறைய அது பிழைக்கும் வாய்ப்பு கூடும். வாயில் துருத்திய இரைப்பையை ஊசியால் குத்திவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது இரைப்பையைத்தான் ஓட்டையாக்குமே தவிரக் காற்றுப்பையைத் தொடாது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், களவா எளிதில் ஈடுகட்டக்கூடிய மீன் அல்ல என்பதே. அது மெதுவாக வளர்வது. அதன் பல இனங்கள் பெண்ணாகப் பருவமடைந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுபவை. ஒரு பாரில் உள்ள பெரிய மீன்களை மட்டும் தேடித் தேடி எடுத்துவிட்டால், அங்கே ஆண்களே அரிதாகிப் போகும் நிலை வரும். களவாக்களிலேயே மிகப் பெரிய இனம் ஒன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆளுயர மீன் ஒன்று ஏறினால் படம் எடுத்து மகிழ்வதற்கு முன் அதை நினைவில் கொள்ளுங்கள்.

இனிக் கருவிகளுக்கு வருகிறேன். ட்ரவுட்டுக்குக் கொண்டுபோன மெல்லிய கோலும், இறகால் செய்த பொய் ஈயும் அங்கே உதவாது. 100 மீட்டருக்கு நூலை நேராக இறக்க அரைக் கிலோவோ அதற்கு மேலோ ஈயம் வேண்டியிருக்கும். கடலோரத்தில் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் கடுமையாக இருந்தால் அதுவும் போதாமல், நூல் சாய்ந்துகொண்டே போகும். கைத்தூண்டில்காரர்கள் தங்கூசி என்னும் நைலான் நரம்பையே பயன்படுத்துகிறார்கள். கோலும் உருளையும் கொண்டு போடுவோர் பிரெய்டு எனப்படும் பின்னல் நூலை விரும்புகிறார்கள். நைலான் இழுபடும், பின்னல் நூல் இழுபடாது. ஆகவே ஆழத்தில் மீன் இரையைத் தொடுவது பின்னல் நூலில் விரலுக்கு உடனே தெரியும். அந்த நூல் பத்து மீட்டருக்கு ஒரு நிறமாக வருவதால், எத்தனை நிறம் ஓடியது என்று எண்ணியே ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

தாங்கள் மறக்க வேண்டியது மணிக்கட்டின் வெட்டு. ட்ரவுட் தொட்டதும் சுண்டி இழுத்துப் பழகிய கை, நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைச் சுண்டினால் முள் வெறுமனே வெளியே வந்துவிடும். மீன் கடித்ததும் ஒன்றும் செய்யாமல், நூல் கனக்கும்வரை காத்து, பிறகு சீராகச் சுற்ற வேண்டும். முள் தானாகவே வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் சில மீட்டரில் மட்டும் தயக்கம் காட்டக் கூடாது. களவா உடனே பாறைப் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொண்டால் நூல் அறுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஐந்து நாளும் தூண்டிலே போட்டுக்கொண்டிருக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். ஓடுவதிலும் இடம் தேடுவதிலும் பெரும்பொழுது கழியும். ஒலியை அனுப்பி ஆழத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் திரையில் பாரைக் கண்டு, காற்றும் நீவாடும் படகை எந்தப் பக்கம் தள்ளும் என்று கணித்து, அவை வரும் பக்கத்திலிருந்து பாரை நோக்கி மிதந்து வரும்படி படகை நிறுத்துவதற்கு ஓட்டுநர் அரை மணி நேரம் செலவிடுவார்; பாரின்மேல் மிதந்து கடப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடம்தான் தங்களுக்கு. பிறகு அனைவரும் ஈயத்தை மேலே சுற்றி எடுக்க, படகு மீண்டும் பழைய இடத்துக்குப் போகும். இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த ஈயத்தைத் தொட்டுப் பாருங்கள். வெயில் கொளுத்தும் நடுக்கடலில் அது கோத்தகிரி விடியற்காலைக் குழாய்த் தண்ணீர்போல் சில்லென்றிருக்கும்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் நடைமுறையில் உள்ளது. குமரி மாவட்டம் இரு கரைக்கும் உரியது என்பதால், எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நாளைக் குறியுங்கள்.

கொடைக்கானல் பள்ளி ஆசிரியர்: ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னர், கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறையை நடுக்கடலில் எப்படி மீண்டும் மீண்டும் கண்டுபிடித்தார்கள்?

நம்மைப் போன்றோர் வாழும் மலைகளை வைத்துத்தான் என்றால் நம்புவீர்களா? கடலிலிருந்து பார்க்கும்போது ஒரு மலைமுடியும், அதற்கு முன்னால் கரையில் நிற்கும் தேவாலயக் கோபுரமோ தனிப் பனையோ ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் ஒரு கோடு கிடைக்கிறது. வேறொரு திசையில் இதேபோல் இரண்டு அடையாளங்கள் ஒன்றின் பின் ஒன்றாக வரும்போது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழே பார் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிச் சிகரங்கள் குமரிக் கடலுக்கு அண்மையிலேயே நிற்பதால், அங்குள்ள மீனவர்களுக்கு இது பெரும் வசதி. ஆயிரம் மீட்டர் உயரமுள்ள சிகரம், வானம் துல்லியமாக இருந்தால், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கடல்மட்டத்துக்குத் தலைகாட்டும் என்பது தங்கள் மாணவர்கள் பூமியின் வளைவை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கக்கூடியதே. ஆழத்தையும் தரையின் தன்மையையும் அறிய ஈயக்குண்டு இருந்தது: அதன் அடியில் ஒட்டி வருவது மணலா சேறா என்று பார்ப்பார்கள், ஒன்றும் ஒட்டாமல் வந்தால் பாறை.

குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் வளமான மேட்டுத்தளம் இப்படித் தலைமுறை தலைமுறையாக அறியப்பட்ட இடந்தான். 1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாட்டின்படி அதன்மீதான உரிமை இந்தியாவுக்கு உரியது.

கூடலூர் வாசகர்: கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுப்பவன் நான். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா?

முதல் இரண்டு நாள் ஒத்துக்கொள்ளாது. காரணம் இரண்டிலும் ஒன்றுதான்: உடல் அசைகிறது என்று உட்காது சொல்வதும், அசையவில்லை என்று கண் சொல்வதும் முரண்படுவது. பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்து சாலையைப் பார்ப்பதுபோல், படகில் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். அறைக்குள் போய்ப் படுத்துக் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். மருத்துவர் தரும் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது. பெரும்பாலானோருக்கு மூன்றாம் நாள் பழகிவிடுகிறது என்பதால், ஒருநாள் பயணத்தைவிடப் பலநாள் பயணமே தங்களுக்கு நல்லது என்று துணிந்து சொல்வேன்.

குன்னூர் வாசகி: என் தங்கையின் கணவர் குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதிப் படகில் வேலை செய்கிறார். ஒரு முறை சென்றால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒக்கிப் புயலுக்குப் பின் அவள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. இப்போதாவது செய்தி போய்ச் சேருமா?

அந்த அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது, பலநாள் தங்கலுக்குப் போன படகுகள் எச்சரிக்கைக்குப் பல நாள் முன்பே கரையை விட்டிருந்தன. கைப்பேசி அலைகளும் கரையோர வயர்லெஸ்ஸும் எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியே இல்லை. நீரோடி முதல் இரையுமன்துறை வரையிலான ஊர்கள் அதற்குக் கொடுத்த விலையைத் தமிழ்நாடு அறியும்.

இப்போது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறவும் ஆபத்துச் செய்தி அனுப்பவும் கூடிய கருவிகளை இஸ்ரோ உருவாக்கியுள்ளது; அவை படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. மைத்துனர் செல்லும் படகில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று தங்கை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கேட்பதில் தவறே இல்லை. படகின் பதிவு எண்ணையும், உடன் செல்லும் அனைவரின் பெயரையும், துறைமுகத்தை விட்ட நாளையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்திருக்க வேண்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.

கோத்தகிரி நண்பருக்கும் இதையே சொல்கிறேன்: விருந்தாளியாகப் போனாலும் தங்கள் பெயர் கரையில் பதிவாகியிருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கி தங்கள் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று துறைமுகத்திலேயே போட்டுப் பாருங்கள்.

வெலிங்டன் வாசகர்: கடற்கரையிலிருந்து மீன் வாங்கிவந்தால், மேட்டுப்பாளையம் தாண்டியதும் ஐஸைக் கொட்டிவிடலாம் அல்லவா? நம் குளிரே போதாதா?

போதாது. இந்தத் தவறான எண்ணம் நம் மலையில் பலருக்கும் உண்டு. மீன் கெடும் வேகம், 0 பாகை செல்சியஸில் இருப்பதைப்போல் 5 பாகையில் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவும், 10 பாகையில் ஏறத்தாழ நான்கு மடங்காகவும், 15 பாகையில் ஆறு மடங்காகவும் கூடுகிறது என்பது மீன் பதனத் துறையில் பழகிய கணக்கு. நமக்குச் சால்வை கேட்கும் 15 பாகை, மீனுக்குக் கோடைதான்.

பலநாள் படகில் உண்மையான முதலாளி ஐஸ்தான். டீசலும் தண்ணீரும் மிச்சமிருந்தாலும், அறையில் ஐஸ் தீர்ந்துவிட்டால் படகு திரும்பியே ஆக வேண்டும். வெப்பநாட்டுக் கடலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கொண்டுபோவார்கள். முதல் நாள் பிடித்த மீன் அடியிலும் கடைசி நாள் மீன் மேலேயும் இருக்கும் என்பதால், ஒரே படகில் வந்த இரண்டு களவாக்களுக்கு இடையே ஐந்து நாள் வேறுபாடு இருக்கலாம். துறைமுகத்தில் வாங்கும்போது, “இது எந்த நாள் மீன்?” என்று கேளுங்கள். சொல்வார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரத் தெர்மாகோல் பெட்டியின் அடியில் பொடித்த ஐஸைப் பரப்பி, குடலும் செவுளும் நீக்கிய மீனை வயிறு கீழாக வைத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணித்து, மேலேயும் மூட வேண்டும். பெட்டியின் கீழ் மூலையில் ஒரு துளை இட்டு, வழியும் நீருக்கு ஓர் ஏனம் வையுங்கள். உருகிய நீரிலேயே மீன் ஊறிக் கிடந்தால் அதன் சதை வெளுத்துத் தொளதொளத்துப் போகும்.

துளையை அடைத்துக்கொண்டு போகச் சொல்லும் பேருந்து நடத்துநரிடம் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பேசிக்கொள்ளுங்கள்.